எச்சத்துக்கு வந்த யுத்தம்!

தலையில் காக்கா எச்சமிட்டால் என்ன செய்வீர்கள்? திட்டிக்கொண்டே துடைத்துப் போடுவீர்கள். அந்த எச்சத்துக்காக ஒரு கடற்படையே கிளம்பி வந்தது தெரியுமா?

தென் அமெரிக்காவில், பெரு நாட்டுக் கரைக்கு எதிரே சின்ச்சா என்று மூன்று குட்டித் தீவுகள். மரம் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, குடித்தனக்காரர்களும் கிடையாது. லட்சக்கணக்கில் கடல் பறவைகள் மட்டும்! நெத்திலியைத் தின்று தின்று அவை போட்ட எச்சம், மழையே இல்லாத பகுதியாச்சே, கரையாமல் மலையாகக் குவிந்தது. சில இடங்களில் நூறடிக்கு மேல்! அது அருமையான உரம் என்பது இன்கா மக்களுக்கு எப்போதோ தெரியும்.

1840-களில் ஐரோப்பாவுக்கும் புரிந்தது. 'குவானோ' என்ற பெயரில் கப்பல் கப்பலாக உரம் போக, பெருவின் கஜானா நிரம்பியது. 1864-ல் ஸ்பெயின் தீவுகளைப் பிடித்துக்கொண்டது. மறுவருஷம் திருப்பிக் கொடுத்தும் பகை அடங்கவில்லை. 1866 மே 2-ல் கயாவோ துறைமுகத்தில் பீரங்கிகள் முழங்கின.

சரி, மலையை வெட்டியது யார்? 1849 முதல் ஆசை காட்டியும் ஏமாற்றியும் சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள்தான். நெடியில் கண் எரிய, சவுக்கடிக்குப் பயந்து வெட்டினார்கள். தாங்க முடியாமல் பாறையிலிருந்து கடலில் குதித்தவர்களும் உண்டு.

1870-களில் மலை தீர்ந்தது, கப்பல்கள் போய்விட்டன. கயாவோ சண்டையின் நினைவாக லிமா நகரில் ஒரு பெரிய தூண் நிற்கிறது. படம் பார்த்தால், அந்த யுத்தத்துக்கு விதையான செல்வத்தை வெட்டிக் கொடுத்தவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!