குன்னூர் எலிகளின் சாப்பாடு

நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், உணவுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை நூறாண்டுக்கு முன்பே ஆராயத் தொடங்கினார்கள். மருத்துவர் ராபர்ட் மக்கரிசன் 1918இல் பெரிபெரி நோய் ஆய்வாகத் தொடங்கிய பணி அது. ஆய்வுக்கு அவர் வளர்த்த எலிகளுக்குச் சீக்கியர் சாப்பாடு: புது வெண்ணெய் தடவிய முழுக்கோதுமைச் சப்பாத்தி, முளைகட்டிய கடலை, பச்சைக் கேரட், முட்டைக்கோஸ், பால், எப்போதாவது எலும்போடு கொஞ்சம் இறைச்சி.

பிறகு ஏழு வட்டாரங்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். சீக்கிய உணவு தின்றவை சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. மதராஸ் உணவு தின்றவை 155 கிராம்தான். தவிடு நீங்கத் தீட்டிய அரிசியும், பால், காய்கறிப் பற்றாக்குறையுமே காரணம். தென்னாட்டு அடுப்படிக்கு இதைவிடக் கசப்பான எச்சரிக்கை வேறில்லை.

இந்தப் பணியிலிருந்து உருவான ஊட்டச்சத்து ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. வீட்டில் எலி வளர்ப்போர் இன்றும் தீட்டாத தானியம், பயறு, பச்சைக் காய் கொடுக்கலாம். வெண்ணெயைக் குறைப்பது நல்லது.