மருத்துவச் செலவுப் பகிர்வுக் குழுக்கள்

மருத்துவச் செலவுப் பகிர்வுக் குழு என்பது, ஒரே நம்பிக்கையுடைய குடும்பங்கள் காப்பீட்டு நிறுவனத்தை நாடாமல் மாதந்தோறும் பணம் போட்டு, தங்களுள் நோயுற்றவரின் மருத்துவமனைக் கட்டணத்தை அடைக்கும் ஏற்பாடு. இவை பெருவாரியாக உள்ள நாடு அமெரிக்கா. அங்கு ‘சுகாதாரப் பகிர்வு ஊழியம்’ என்ற பொருள்படும் பெயரில் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளன. மாதத் தொகை, பகிர்வு தொடங்குமுன் உறுப்பினர் தாமே கட்ட வேண்டிய பங்கு, சிலவற்றில் உறுப்பினர் அட்டை என்று பார்வைக்குக் காப்பீடு போலவே இருக்கும். முக்கியமாக இல்லாதது ஒன்று: பணம் தந்தே தீர வேண்டும் என்ற ஒப்பந்தக் கடமை. மலிவுக்கும் அதுவே காரணம், வழக்குகளுக்கும் அதுவே காரணம்.

இதன் வேர் மெனோனைட், ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகங்களில் இருக்கிறது. தீப்பிடித்த களஞ்சியத்தை ஊரே கூடிக் கட்டித் தருவது போல, அறுவைச் சிகிச்சைக் கட்டணத்தையும் சபையே ஏற்றுக்கொள்ளும். காப்பீடு எடுப்பது கடவுள் மீதும் சபையார் மீதும் நம்பிக்கையின்மை என்பது ஆமிஷ் கொள்கை. 1950-களில் சமூகப் பாதுகாப்பு வரி சுயதொழில் விவசாயிகளுக்கும் விரிந்தபோது, அதையும் காப்பீடாகவே கருதி அவர்கள் கட்ட மறுத்தார்கள். 1961-இல் பென்சில்வேனியாவில் வாலன்டைன் பைலர் என்ற ஆமிஷ் விவசாயி உழுதுகொண்டிருந்தபோதே, வரி அதிகாரிகள் அவருடைய குதிரைகளைப் பிடித்துச் சென்றது நாடெங்கும் பேச்சானது. 1965-இல், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைக் கொண்டுவந்த சட்டமே ஆமிஷ் மக்களுக்கு அவ்வரியிலிருந்து விலக்கும் அளித்தது.

ஒருவரையொருவர் அறிந்த ஊரில் நடந்ததை, முகமறியாதவர்களிடையே நடத்திக் காட்டியது ஒஹாயோ மாநிலத்தின் பார்பர்டன் நகரில் 1980-களின் தொடக்கத்தில் எழுந்த ‘கிறிஸ்டியன் பிரதர்ஹுட் நியூஸ்லெட்டர்’. இதைத் தொடங்கியவர் போதகர் புரூஸ் ஹாதார்ன். விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது, சபையார் தம் மருத்துவச் செலவைச் சுமந்ததே தூண்டுதல் என்பார். ஆனால் சுமை பகிரச் சொன்னவரே கையாடினார் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். ஹாதார்ன் தரப்பு ஒரு கோடி டாலருக்கும் மேல் திருப்பித் தர வேண்டும் என்று 2004-இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அமைப்பு மட்டும் ‘கிறிஸ்டியன் ஹெல்த்கேர் மினிஸ்ட்ரீஸ்’ என்ற பெயரில் பிழைத்துக்கொண்டது. இடையில் 1993-இல் புளோரிடாவில் ‘மெடி-ஷேர்’, 1994-இல் இல்லினாயின் பியோரியாவில் ‘சமாரிட்டன் மினிஸ்ட்ரீஸ்’ ஆகியவையும் தோன்றிவிட்டன. சமாரிட்டன் முறையில் உறுப்பினர் தம் பங்கை நோயுற்ற குடும்பத்துக்கே காசோலையாக அனுப்புவார். கூடவே ஒரு ஜெபக் குறிப்பும் போகும். பழைய ஊர் வழக்கத்தின் சாயல் அதில்தான் மிச்சமிருக்கிறது.

இது காப்பீடா, இல்லையா? கென்டக்கி உச்ச நீதிமன்றம் 2010-இல் மெடி-ஷேரை ஆராய்ந்து, பெயர் எதுவானாலும் இடர் ஒருவரிடமிருந்து பலருக்கு மாறுவதால் காப்பீடே என்றது. ஆனால் 2013-இல் அம்மாநிலச் சட்டமன்றம் இக்குழுக்களைக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது.

பெருவளர்ச்சிக்கு வழிவிட்டது, அனைவரும் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற 2010-ஆம் ஆண்டின் சட்டம். இதை ‘ஒபாமாகேர்’ என்று அழைப்பார்கள். காப்பீடு எடுக்காதவருக்கு அபராதம் இருந்தது. பகிர்வு ஊழிய உறுப்பினருக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. ஊழியம் 1999 டிசம்பர் 31 முதல் தொடர்ந்து இயங்கியிருக்க வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும், நோய் வந்தபின் உறுப்பினரை நீக்கக் கூடாது என்பன நிபந்தனைகள். சட்டத்துக்கு முன் சுமார் 2 லட்சமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 2018-க்குள் 10 லட்சத்தை எட்டியது. பக்தி பெருகியதாகக் கொள்வதற்கில்லை. காப்பீட்டு பிரீமியம் எட்டாத சுயதொழில் குடும்பங்களுக்குப் பாதி விலையில் கிடைத்த வழி இது. அபராதம் 2019 முதல் பூஜ்ஜியமான பின்னும் பலர் விலகவில்லை.

மலிவின் மறுபக்கம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. சேருமுன்பே இருந்த நோய், போதைப் பழக்கச் சிகிச்சை, திருமணத்துக்கு வெளியே ஏற்பட்ட கர்ப்பம் போன்றவற்றுக்குப் பல குழுக்கள் பகிர்வு தருவதில்லை, அல்லது வரம்பு வைக்கின்றன. காப்பீட்டு நிறுவனங்களுக்கு இப்படி மறுக்கும் சலுகை 2014-இலேயே போய்விட்டது.

2018-இல் தோன்றிய ‘டிரினிட்டி ஹெல்த்ஷேர்’, 1999 நிபந்தனைக்குப் பொருந்தாமலே பகிர்வு ஊழியம் என்ற பெயரில் ஆள் சேர்த்தது. அதை நடத்தியது ஜார்ஜியாவின் ‘அலியேரா’ என்ற லாப நோக்கு நிறுவனம்; உறுப்பினர் தந்த பணத்தில் பெரும்பங்கு அங்கேயே போனது. பல மாநிலங்கள் தடை விதித்தன. பின்னர் ‘ஷாரிட்டி’ என்று பெயர் மாற்றிக்கொண்ட டிரினிட்டி 2021-இல் திவாலானது. காப்பீட்டு நிறுவனம் நொடித்தால் உரிமை கோரிக்கைகளை வரம்புக்குட்பட்டு அடைக்க மாநில உத்தரவாத நிதி உண்டு. ஷாரிட்டி உறுப்பினர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அடைபடாத மருத்துவக் கட்டணங்களுடன் திவால் நீதிமன்றத்தில் கடன் கொடுத்தவர்கள் வரிசையில்தான் நின்றார்கள்.