கொட்டகையில் பிறந்த வண்டி: அமெரிக்கப் பிக்கப்பும் அதை வீட்டிலேயே மீட்டமைக்கும் மரபும்

முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் கூரையற்ற சுமைப்பெட்டியும் கொண்ட இலகுரகச் சரக்கு வண்டி பிக்கப் எனப்படுகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேல் பழமையான இத்தகைய வண்டியொன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே அக்கக்காகப் பிரித்து, துரு நீக்கி, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மறுபடியும் பூட்டி ஓடவைக்கும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இவ்வழக்கத்தை ஓய்வுக்கால விருப்பவேலை என்ற அளவிலேயே மதிப்பிடுவோர் உண்டு. எனினும் பிக்கப்பின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து நோக்கினால், அவ்வண்டிக்கு முதலில் உருக்கொடுத்தவர்களில் உழவர்களும் ஊர்க் கொல்லர்களும் முக்கியமானவர்கள் என்பதும், தொழிற்சாலை அவர்களுடைய தேவையைக் கண்டறிந்த பிறகே அதை முழுமையாகச் செய்து விற்கத் தொடங்கியது என்பதும், பிற்காலத்து மீட்டமைப்பு அந்தப் பழைய கைவேலையின் தொடர்ச்சியே என்பதும் புலப்படும்.

ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1908இல் அறிமுகப்படுத்திய மாடல் டி கார், நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ 20 குதிரைத்திறனும் கொண்டது. தரையிலிருந்து உயர்ந்து நின்றமையால் சேறும் பள்ளமுமான நாட்டுப்புறத் தடங்களைக் கடக்க வல்லது. வேலையாட்கள் நின்ற இடத்திலேயே நிற்க, வண்டி அவர்கள் முன் நகர்ந்து செல்லும் பொருத்துவரிசை முறை 1913இல் நடைமுறைக்கு வந்தபின் அதன் விலை படிப்படியாகக் குறைந்து, நடுத்தர உழவருக்கும் எட்டியது. குதிரை வண்டி செய்துவந்த வேலைகளையெல்லாம் இந்தப் புதிய வண்டியிடமும் எதிர்பார்த்த உழவர்கள், இருவர் அமரும் ரன்அபவுட் வகைக் காரின் பின்பகுதியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் பலகைப் பெட்டியொன்றைப் பூட்டி, பால் கேன்களையும் தீவன மூட்டைகளையும் ஏற்றிச் சென்றனர். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, அதில் பெல்ட்டை மாட்டி, விறகு அறுக்கும் ரம்பத்தை ஓட்டியவர்களும் இருந்தனர்.

அக்காலத்தில் சரக்கு வண்டியை முழுமையாகச் செய்து விற்பது தொழிற்சாலைகளின் பொது வழக்கமாக இல்லை. 1917இல் ஃபோர்டு வெளியிட்ட ஒரு டன் தாங்கும் மாடல் டிடி, தொடக்கத்தில் எஞ்சினும் சக்கரங்களும் பொருந்திய சேசிஸ், அதாவது அடிச்சட்டம், என்ற அளவிலேயே விற்கப்பட்டது. அடுத்த ஆண்டு சரக்கு வண்டிச் சந்தையில் நுழைந்த செவ்ரோலேயும் அவ்வாறே செய்தது. அதன்மேல் ஓட்டுநர் அறையையும் பெட்டியையும் அமைப்பது வாங்கியவரின் பொறுப்பாகவோ, அவர் நாடிச் செல்லும் தச்சர், கொல்லர், பாடி கட்டும் பட்டறை ஆகியோரின் வேலையாகவோ இருந்தது. வண்டியின் பாதியைத் தானே தீர்மானிப்பது உரிமையாளருக்கு இயல்பான செயலாக விளங்கிய அச்சூழலில், 1925 ஏப்ரல் 15 அன்று ஃபோர்டு நிறுவனம் பெட்டியுடன் கூடிய மாடல் டி ரன்அபவுட்டை 281 டாலர் விலையில் அறிமுகப்படுத்தியது. இறக்கி ஏற்றத்தக்க பின்கதவும், சுமைக்கேற்ப வலுவூட்டப்பட்ட பின் ஸ்பிரிங்கும் கொண்ட இவ்வண்டியே தொழிற்சாலையிலேயே முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் பிக்கப் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. முதலாண்டில் ஏறத்தாழ 34,000 வண்டிகள் விற்றமை, உழவர்களின் கைவேலை எத்தகைய தேவையைச் சுட்டிக்காட்டியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

வண்டியைத் திறந்து பார்க்கும் துணிவு ஊர்ப்புற மக்களிடம் பரவியதற்குப் பள்ளியும் மின்சாரமும் துணைநின்றன. 1917இல் இயற்றப்பட்ட ஸ்மித்–ஹியூஸ் சட்டம், வேளாண்மையையும் கைத்தொழில்களையும் பள்ளிகளில் கற்பிக்க மத்திய அரசின் நிதியை ஒதுக்கியது. அதன் பயனாகப் பண்ணைக் கருவிகளைச் செப்பனிடுதல், உலோக வேலை, மர வேலை ஆகியவை உழவர் பிள்ளைகளின் பாடமாயின. ஆயினும் 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் கிடைத்திருந்தது. 1935இல் தொடங்கப்பட்ட ஊரக மின்மயமாக்க நிர்வாகம் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடனளித்து மின்கம்பிகளை இழுக்கச் செய்ததன் விளைவாக, 1950களின் தொடக்கத்தில் பெரும்பாலான பண்ணைகளுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. விளக்குக்காக வந்த அந்த மின்சாரமே கொட்டகையில் துளைபோடும் கருவியையும் சாணைக்கல்லையும் வெல்டிங் இயந்திரத்தையும் இயக்கியது. கொல்லனின் உலைக்களத்தில் மட்டும் நடக்கக்கூடியதாயிருந்த இரும்பு ஒட்டும் வேலை வீட்டுக்குள் வந்தது.

இரண்டாம் உலகப் போர் இத்திறனை வலுவாகச் சோதித்தது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டு, தொழிற்சாலைகள் போர்த்தளவாடங்களுக்குத் திருப்பப்பட்டன. சரக்கு வண்டிகளும் எளிதில் கிடைக்கவில்லை. டயரும் பெட்ரோலும் பங்கீட்டு முறைக்கு உட்பட்டன. இருக்கும் வண்டியை எவ்வாறேனும் ஓடவைப்பது ஒவ்வொரு பண்ணையின் கட்டாயமாயிற்று. அதே வேளையில் போருக்கான பழைய இரும்பு திரட்டும் இயக்கங்களில் எண்ணற்ற பழைய வண்டிகள் உருக்கப்பட்டன. போருக்கு முந்திய பிக்கப்புகள் இன்று அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

போர் முடிந்தபின் வெளிவந்த இரு வண்டிவரிசைகள் வீட்டு மீட்டமைப்பாளரின் பெருவிருப்பத்துக்குரியனவாக நிலைபெற்றன. ஒன்று, 1947 கோடையில் செவ்ரோலே அறிமுகப்படுத்தி 1955 தொடக்கம் வரை உற்பத்தி செய்த அட்வான்ஸ் டிசைன் வரிசை. மற்றொன்று, 1948 மாதிரியாக ஃபோர்டு வெளியிட்ட எஃப் வரிசை. அரை டன் சுமைக்குரிய செவ்ரோலே 3100 வண்டியில் 216 கன அங்குல அளவுள்ள, 90 குதிரைத்திறன் தரும் ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. இவ்வண்டிகளின் அமைப்பே வீட்டு வேலைக்கு இடந்தந்தது. ஏணி போன்ற சேசிஸ் தனியாகவும், அதன்மேல் ஓட்டுநர் அறையும் பெட்டியும் தனித்தனியாகவும் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருந்தன. மட்கார்டும் கால்மிதிப் படியும் பானட்டும் வெவ்வேறாகக் கழன்று வந்தன. பானட்டைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றிக் கைகளை நுழைக்கப் போதிய இடம் இருந்தது. சுமைப்பெட்டியின் தளம் மரப்பலகைகளாலானது. பலகைகளுக்கு இடையே ஓடும் நீண்ட இரும்புப் பட்டைகள் அவற்றை இறுக்கிப் பிடித்தன. பலகையொன்று உளுத்துப்போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அடிப்படை உருவம் மாறாதிருந்தமையால் ஓர் ஆண்டு வண்டியின் உறுப்புகளிற் பல மற்றோர் ஆண்டு வண்டிக்கும் பொருந்தின.

பழைய ஊர்திகளைப் போற்றிக் காக்கும் எண்ணம் முதலில் கார்களையே சுற்றி எழுந்தது. 1935இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பழங்கார்ச் சங்கமும், 1954இல் தொடங்கிய ஹெமிங்ஸ் மோட்டார் நியூஸ் என்னும் விளம்பர இதழும், பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி நகரில் 1955 முதல் கூடிவரும் இலையுதிர்காலச் சந்திப்பும் கார் விரும்பிகளை இணைத்து, பழைய உறுப்புகள் கைமாறுவதற்கான சந்தையை உருவாக்கின. பிக்கப்போ நெடுங்காலம் உழைக்கும் கருவியாகவே கருதப்பட்டு, உழைக்கும் மட்டும் உழைத்துவிட்டு, வயலோரத்திலோ கொட்டகை மூலையிலோ கைவிடப்பட்டது. சரக்கு வண்டிகளின் வரலாற்றுக்கெனத் தனிச் சங்கம் 1971இல்தான் அமைந்தது. தம் பாட்டனார் ஓட்டிய வண்டி என்ற உரிமையுணர்வோடு அடுத்த தலைமுறையினர் அவற்றைத் தேடிச் சென்றபோது, பழைய இரும்பு வணிகரின் குவியல்களே அவர்களுக்கு உறுப்புக் களஞ்சியமாயின. தேவை பெருகியபின் மட்கார்டுகளும் கதவு ரப்பர்களும் தளப் பலகைகளும் பழைய அளவிலேயே புதிதாகச் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தன.

இவ்வேலையின் நுட்பங்களில் முதலாவது துருவை அறிதல். குளிர் மிகுந்த வட மாநிலங்களில் பனியை உருக்குவதற்காகச் சாலைகளில் தூவப்படும் உப்பு, இரும்பின் அரிப்பை விரைவுபடுத்துகிறது. வறண்ட அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற மாநிலங்களின் வண்டிகள் அதனாலேயே பெரிதும் விரும்பப்படுகின்றன. நீரும் மண்ணும் தேங்கும் ஓட்டுநர் அறையின் பின்மூலைகள், கதவின் கீழ்விளிம்பு, காலடித் தகடு ஆகிய இடங்களே முதலில் அரிக்கின்றன. மேற்பூச்சின் கீழ் மறைந்திருக்கும் துளைகள் பூச்சை நீக்கிய பின்னரே தெரியவருவதால், பிரித்தபின் வேலையின் அளவு பெருகுவதே வழக்கம். சிறிய உறுப்புகளின் துருவை நீக்க மின்னாற்பகுப்பு முறை கையாளப்படுகிறது: சலவைச் சோடா கரைத்த நீரில், பாட்டரிச் சார்ஜரின் எதிர்முனையில் துருவேறிய உறுப்பையும் நேர்முனையில் பழைய இரும்புத் தகட்டையும் இணைத்து மின்சாரத்தைச் செலுத்தினால், நல்ல உலோகம் தேயாமல் துரு தளர்ந்து உதிர்கிறது. துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் வைத்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குரோமியச் சேர்மங்கள் உண்டாகக்கூடும் என்பதால் அது விலக்கப்பட வேண்டியது.

அரித்த தகட்டை வெட்டி எடுத்து, அதே வளைவில் புதிய தகட்டை ஒட்டும் டிங்கரிங் வேலையில் வெப்பமே பெரும் பகை. ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் செய்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும் என்பதால், புள்ளிபுள்ளியாக, இடம்விட்டு இடம் மாறி, ஒவ்வொரு புள்ளியும் ஆறும்வரை பொறுத்து ஒட்டுகின்றனர். வாயுத் திரையின் காப்பில் கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங் 1940களின் இறுதியில் தொழிற்சாலைகளுக்காக உருவாகி, பின்னர் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சிறிய அளவிலும் கிடைத்தமை இவ்வேலையை வீட்டுக்கு எளிதாக்கியது. மேடுபள்ளங்களை நிரப்பி மட்டம் செய்வதற்கு முன்பு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு உருக்கிப் பூசப்பட்டது. 1950களின் நடுப்பகுதிக்குப் பின் பாலியெஸ்டர் பிசினாலான பட்டி அதன் இடத்தைப் பிடித்தது. பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புள்ளமையால், அதைத் தேய்க்கும்போது எழும் தூசியிலிருந்து மூச்சைக் காத்துக்கொள்வது வண்டியின் அழகைவிட முதன்மையானது.

எஞ்சின் வேலை வேறொரு பொறுமையை வேண்டுவது. ஆண்டுக்கணக்கில் ஓடாத எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டர் சுவரோடு இறுகிப்போயிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, கையால் சிறிது சிறிதாக அசைத்தே அதை விடுவிக்க வேண்டும். மேற்கூறிய 216 கன அங்குல எஞ்சினில், பிஸ்டனைக் கிராங்க் தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகள் பாபிட் எனப்படும் மென்மையான வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்துச் செய்யப்பட்டவை. ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி போன்ற உறுப்பு எண்ணெயை அள்ளித் தெறிக்க, அத்தெறிப்பும் பேரிங்குக்கு எண்ணெயூட்ட உதவும். பேரிங் தேயும்போது, மூடிக்கடியில் வைக்கப்பட்ட மெல்லிய ஷிம் தகடுகளுள் ஒன்றை உருவிவிட்டு இடைவெளியைக் குறைக்கலாம். தேய்மானம் நேரும் என்பதையும், உரிமையாளரே அதைச் சரிசெய்வார் என்பதையும் எதிர்நோக்கி வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு இது. ஓடத் தொடங்கும் முன் பிரேக்கைச் செம்மையாக்குவது அனுபவமுள்ளோர் வகுத்த விதியாகும். ஒரே மாஸ்டர் சிலிண்டரை நம்பியிருக்கும் பழைய ஹைட்ராலிக் பிரேக்கில் ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களும் பிடிப்பை இழந்துவிடும்.

எந்த நிலைக்கு மீட்பது என்ற கேள்வியில் மீட்டமைப்பாளரிடையே மூன்று கருத்துகள் நிலவுகின்றன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிறமும் திருகும் வரை அப்படியே அமைய வேண்டும் என்பது ஒன்று. புறத்தோற்றத்தைக் காத்து, உள்ளே புதிய எஞ்சினும் டிஸ்க் பிரேக்கும் பொருத்தி அன்றாடம் ஓட்டத்தக்கதாக்குவது மற்றொன்று. வெயிலில் வெளிறிய பெயின்ட்டையும் கதவில் மங்கித் தெரியும் பண்ணைப் பெயரையும் அழிக்காமல், இயங்கும் உறுப்புகளை மட்டும் சீர்செய்வது மூன்றாவது. வண்டி பிறந்த நாளை முதல் கருத்தும், ஓட்டும் நாளை இரண்டாவதும், உழைத்த நாட்களை மூன்றாவதும் போற்றுகின்றன. பிக்கப்பைப் பொறுத்தவரை மூன்றாவது கருத்துக்குத் தனி வலிமை உண்டு. உழைப்பே அதன் வரலாறாக இருக்கையில், உழைப்பின் தழும்புகளைத் துடைத்துவிட்டால் வரலாற்றின் ஒரு பகுதியும் துடைக்கப்படுகிறது.

1970களுக்குப் பின் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் மின்னணுக் கட்டுப்பாடுகளும் வந்து, புதிய வண்டிகளின் உட்புறம் உரிமையாளருக்கு மெல்ல மெல்ல எட்டாததாயிற்று. 2012இல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், பழுதுபார்க்கத் தேவையான தகவல்களை உற்பத்தியாளர்கள் உரிமையாளருக்கும் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்ற முன்மொழிவைப் பெரும்பான்மையுடன் ஏற்றமை, அந்த இழப்பு எவ்வளவு பரவலாக உணரப்பட்டது என்பதைக் காட்டுகிறது. பழைய பிக்கப்பை வீட்டில் மீட்டமைப்போர் அவ்வுரிமையைச் சட்டத்தின் துணையின்றியே கைகளில் வைத்திருப்பவர்கள். பெரும்பாலும் அவர்களுடைய வேலையின் கடைசிக் கட்டம், புதிதாக இழைத்து எண்ணெய் பூசிய பலகைகளைப் பெட்டியின் தளத்தில் வரிசையாகப் பரப்பி, இடையே இரும்புப் பட்டைகளை வைத்து போல்ட்டை முடுக்குவதாகும். வெல்டிங் அறியாத பிள்ளைகளும் அதில் கைகொடுக்கலாம். மாடல் டி காரின் பின்பகுதியைக் கழற்றி எறிந்த உழவர் தம் கொட்டகையில் செய்த முதல் வேலையும் பலகைகளை அளந்து பூட்டியதுதான்.