136 வருடம் காணாமல் போன தவளை

இன்னைக்கு ராஜாக்கள் கதை இல்லை, போர்க்கதையும் இல்லை. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தவளையின் வரலாறு.

1876-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர், திருவிதாங்கூரிலிருந்து போன ஒரு தவளைக்கு 'சலசோடிஸ்' என்று பெயர் வைத்தார். ஆலங்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அவர் கையில் இருந்தது உயிருள்ள தவளை இல்லை. பதப்படுத்திய உடலில் பச்சை நிறம் நிற்காது, குரல் கேட்காது, எங்கே முட்டையிடும் என்றும் தெரியாது.

அதுக்கப்புறம் நீண்ட மௌனம். 2010-ல் எஸ்.டி. பிஜு தொலைந்துபோன இந்தியத் தவளைகளைத் தேடும் இயக்கத்தைத் தொடங்கினார். 2011 பிப்ரவரியில், 136 வருடம் கழித்து இது மறுபடி கிடைத்ததாக அறிவித்தார்கள். பளீர் பச்சை உடல், சாம்பல் நீலத் தொடை, கறுப்புக் கண்ணில் மஞ்சள் திட்டு. பத்திரிகைகளுக்கு நல்ல படம் கிடைத்தது.

ஆனா எனக்கு இதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது 2014-ல் வந்த ஆய்வு. கே.எஸ். சேஷாத்ரியும் சக ஆய்வாளர்களும் நம்ம களக்காடு முண்டந்துறைக் காட்டில் இந்தத் தவளையின் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். எங்கே தெரியுமா? ஓடையோரம் வளரும் மெல்லிய மூங்கிலின் கணுவிடைக்குள்ளே! தண்டில் ஏற்கெனவே இருக்கும் சில மில்லிமீட்டர் அகலக் கீறல் வழியாக உடலை நெளித்து நுழைகிறது. உள்ளே ஐந்து முதல் எட்டு முட்டை. தலைப்பிரட்டையாக நீந்தும் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளைதான்.

காவல் இருப்பது அப்பா. சாயங்காலம் கொஞ்ச நேரம் இரை தேடப் போய்விட்டுத் திரும்பிவிடும். அப்பாவை அப்புறப்படுத்திப் பார்த்தபோது பெரும்பாலான முட்டைகள் தப்பவில்லை என்று 2018-ல் வந்த ஆய்வு சொல்கிறது. தின்றது யார்? பெரும்பாலும் அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஆண் தவளைகள்!

இப்போ யோசிச்சுப் பாருங்க. 136 வருடம் 'காணாமல் போனது' யாருக்கு? தவளை மூங்கிலுக்குள்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தது. இடைவெளி அதன் வாழ்க்கையில் இல்லை, நம் பதிவேட்டில்தான். கூடை முடையவும் காகிதம் செய்யவும் அந்த மூங்கிலை வெட்டியவர்களில் யாராவது இதைப் பார்த்திருக்கலாம்; அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தவர் இல்லை என்பதுதான் என் எண்ணம்.

ஒரு உயிரினத்தின் பெயர் தெரிந்தால் போதாது, முகவரியும் தெரியணும். இந்தத் தவளையின் முகவரி கீறல் விழுந்த ஒரு மூங்கில் தண்டு. அதன் பெயரை மட்டும் பட்டியலில் எழுதிவிட்டு மூங்கில் புதரை மொத்தமாக வெட்டினால், முட்டையோடு காவல்காரனும் சேர்ந்துதான் போவான்.