இணைய முகவரிக் கொள்கையில் பழஞ்சொற்கள்: திருத்தமா, தீர்மானமா?

இணைய முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் வட்டாரப் பதிவகங்களின் கொள்கை ஆவணங்கள் பல பதிப்புகளைக் கண்டவை. தொழில்நுட்பம் மாறிய பின்னும் சில பழஞ்சொற்கள் அவற்றில் தங்கிவிடுகின்றன. அவற்றை நீக்குவது மெய்ப்புத் திருத்தும் வேலைதான் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஒரு சொல்லை மாற்றுவதால் முகவரி பெறும் உரிமை யாருக்காவது கூடினாலோ குறைந்தாலோ அதைத் தீர்மானமாகவே கொண்டு, வெளிப்படையாக விவாதித்து முடிவுசெய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உரிமையைத் தொடாத சொல்லுக்கு ‘கிளாஸ் சி’ நல்ல சான்று. 1981இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 791, முகவரியின் முதல் பிட்டுகளைக் கொண்டு ஏ, பி, சி என வகுப்புகளைப் பிரித்தது. பி வகுப்பு வலையமைப்பு ஒன்றில் 65,536 முகவரிகள். சி வகுப்பில் 256 மட்டுமே. நடுத்தர நிறுவனத்துக்கு முன்னது மிகை, பின்னது குறை. பி வகுப்பு வேகமாகத் தீர்ந்துவந்த நிலையில் 1993இல் சைடர் முறை அறிமுகமானது. தொகுதியின் அளவைத் தேவைக்கேற்ப வகுக்க முடிந்தது. வகுப்புகள் பொருளிழந்தன, பொறியாளர் பேச்சில் மட்டும் 256 முகவரிகள் கொண்ட /24 தொகுதிக்கு ‘கிளாஸ் சி’ என்ற பெயர் நிலைத்தது. ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக்கின் கடைசி /8 தொகுதி 103இல் தொடங்குவது. அதிலுள்ள ஒரு /24 தொகுதியைப் பலரும் ‘கிளாஸ் சி’ என்றே சொல்வார்கள். ஆனால் 103இன் இரும வடிவம் 01100111. முதல் பிட் 0 என்பதால் 1981இன் விதிப்படி அது ஏ வகுப்பைச் சேர்ந்தது. ஆவணத்தில் ‘கிளாஸ் சி’ என்றிருப்பதை ‘/24’ என்று மாற்றினால் குழப்பம் தீரும். யாருடைய உரிமையும் மாறாது. இதைப் பதிவக அலுவலகமே செய்துவிடலாம்.

‘தேவை’ என்ற சொல்லின் கதை வேறு. ஐரோப்பா, மேற்கு ஆசியா, மத்திய ஆசியாவின் சில பகுதிகளுக்கான ரைப் என்சிசி, 2012 செப்டம்பர் 14 அன்று தன் கடைசி /8 தொகுதியைத் தொட்டது. அதன் பின் ஓர் உறுப்பினருக்கு ஒரே ஒரு /22, அதாவது 1,024 முகவரிகள்தான் வழங்கப்பட்டன. எவ்வளவு தேவை என்று நிரூபித்தாலும் அளவு மாறாத நிலையில் தேவைச் சான்று சடங்காகிப்போனது. 2013இல் முன்வைக்கப்பட்ட ஒரு முன்மொழிவு, காலாவதியான கொள்கை வாசகங்களைக் களைவதையும் தன் தலைப்பிலேயே சொன்னது. அடுத்த ஆண்டு ஏற்கப்பட்டது. அது களைந்தவற்றில் தேவையை நிரூபிக்கும் கடமையும் ஒன்று. அதே கடமையை வட அமெரிக்கப் பதிவகமான ஆரின் கைவிடவில்லை. பதிவகங்களுக்கு இடையே முகவரி மாற்றிக்கொள்ளும் விதி வகுக்கும்போது ரைப் சமூகம் இறங்கிவர வேண்டியிருந்தது: தேவையை வலியுறுத்தும் பதிவகத்திடமிருந்து பெறுபவர், ஐந்தாண்டுக்குள் 50 விழுக்காட்டையாவது பயன்படுத்தும் திட்டத்தைக் காட்ட வேண்டும். களைந்தது வெறும் பழஞ்சொல்லாக இருந்திருந்தால் வேறு வடிவில் திரும்பி வந்திருக்காது.

சொல்லை மாற்றாமல் விடுவதும் நடுநிலை ஆகாது. தனக்கு வழங்கப்பட்ட முகவரியைப் பிறருக்கு மறுவழங்கல் செய்யக் கூடாது என்பது சேவையாளரைச் சாராத முகவரிகளுக்கான ரைப் விதி. ஐபிவி4 காலத்தில் வைஃபை விருந்தினர்கள் நாட் கருவியின் பின்னால் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டதால் கேள்வி எழவில்லை. ஐபிவி6இல் ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனிப் பொது முகவரி கிடைக்கிறது. அப்போதைய விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால், விருந்தினர்க்கு வைஃபை தந்த பல்கலைக்கழகமும் விதிமீறல் செய்ததாகவே ஆகும். ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் சமூக வலையமைப்புகளுக்கு இந்த வாசிப்பே தடையானது. 2016இல் முன்மொழிந்து 2018இல் ஏற்கப்பட்ட திருத்தம், தன் இணைப்பில் வந்து சேர்பவருக்குத் தனி முகவரி தருவது மறுவழங்கல் ஆகாது என்றது. முகவரித் தொகுதியாகத் தருவதற்கான தடை நீடித்தது.

ஒவ்வொரு சொல்லையும் இப்படி விவாதித்தால் ஆவணம் என்றைக்குப் புதுப்பிக்கப்படும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்கு எளிய சோதனை போதும். முன்பு முடிவான சில விண்ணப்பங்களைப் பழைய வாசகப்படியும் புதிய வாசகப்படியும் மதிப்பிட வேண்டும். எல்லா முடிவுகளும் ஒத்திருந்தால் அலுவலகமே திருத்தட்டும். ஒன்று மாறினாலும் அந்த விண்ணப்பத்தையே சான்றாக வைத்துச் சமூகத்தின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். துப்புரவு என்ற பெயரில் அத்தகைய மாற்றத்தை நிறைவேற்றும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் இல்லை.