டவேரா திரும்பப் பெறல் (2013)

டவேரா திரும்பப் பெறல் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளை, 2005 முதல் 2013 வரை தயாரித்த சுமார் 1,14,000 செவ்ரோலே டவேரா வண்டிகளைச் சரிசெய்து தருவதற்காகத் திரும்ப அழைத்த நிகழ்வு. அறிவிப்பு 2013 ஜூலையில் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் இந்தியாவில் பல நிறுவனங்கள் வண்டிகளைத் திரும்ப அழைத்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பிரேக், ஸ்டீயரிங், காற்றுப்பை போன்ற உறுப்புகளின் பழுதுக்காக நடந்தவை. டவேராவில் நடந்தது வேறு. அரசுச் சோதனையைத் தன் ஊழியர்களே ஏமாற்றினர் என்பதை நிறுவனம் அரசுக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டது.

வண்டி

டவேரா 2004-ல் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஜப்பானின் இசுசூ நிறுவனம் இந்தோனேசியாவில் ‘பேந்தர்’ என்ற பெயரில் விற்ற வண்டியே இதன் மூலம். குஜராத்தின் ஹாலோல் தொழிற்சாலையில் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினுடன் தயாரானது. இருக்கை அமைப்பைப் பொறுத்து 10 பேர் வரை அமரலாம். 2005-ல் டொயோட்டா தன் குவாலிஸை நிறுத்திவிட்டு விலை கூடிய இன்னோவாவைக் கொண்டுவந்தபோது, வாடகை வண்டிக்காரர்களின் பார்வை டவேராவின் பக்கம் திரும்பியது. தமிழகத்தில் மஞ்சள் போர்டு டவேரா சபரிமலைக்கும் திருப்பதிக்கும், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஓடிய வண்டி.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இத்தகைய வண்டி ஒருவரிடமே நெடுநாள் நிற்பதில்லை. நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர். சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் ஊர். பழைய வண்டியை விலைபேசுவது இங்கே பலருக்குக் கைவந்த கலை. கஞ்சமலைக்கு அருகில் உள்ள இளம்பிள்ளை போன்ற சேலை நெசவூரிலும், புதுவண்டிக்குக் கடன் வாங்கத் துணியாத சிறு வியாபாரிக்கு ஆட்டோ கன்சல்டிங்கில் நிற்கும் ஏழெட்டு வருடப் பெரிய வண்டியே கைக்கெட்டும். வாங்குபவர் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிச் செல்வார். மெக்கானிக் கிளட்ச், கியர்பாக்ஸ், அடிச்சட்டத்தின் துரு, டயர் தேய்மானம் எல்லாவற்றையும் பார்ப்பார். டவேராவில் மறைந்திருந்த குறையை அவரால் கண்டுபிடித்திருக்க முடியாது. அது வண்டியில் இருந்ததைவிட, வண்டிக்குக் கிடைத்த சான்றிதழில்தான் அதிகம் இருந்தது.

ஏமாற்றிய விதம்

இந்தியாவில் ஒரு மாடல் விற்பனைக்கு வருமுன் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பு ஒன்று ஒப்புதல் தரவேண்டும். அத்துடன் முடிவதில்லை. உற்பத்தி தொடங்கிய பிறகும் ஆலையிலிருந்து அவ்வப்போது வண்டியைத் தேர்ந்தெடுத்து, ஒப்புதல் பெற்ற தரத்தில்தான் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஏமாற்று நடந்தது இந்த இரண்டாவது கட்டத்தில். புகை குறைவாக வரும் எஞ்சின்களை ஊழியர்கள் தேடி எடுத்து, மேலும் சீர்செய்து, தனியே வைத்துக்கொண்டனர். ஆய்வாளர் வரும்போது சோதனைக்குப் போகும் வண்டியில் அந்த எஞ்சினைப் பொருத்தினர். இத்தகைய வண்டிகளுக்கான புகை வரம்பு எடையைப் பொறுத்து மாறும் என்பதால், வண்டியின் எடையையும் மாற்றிக் காட்டினர். இவை இரண்டையும் நிறுவனமே 2013 ஜூலையில் அரசுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தது.

பழைய 2.5 லிட்டர் பாரத் ஸ்டேஜ் 3 வண்டி, புதிய 2 லிட்டர் பாரத் ஸ்டேஜ் 4 வண்டி இரண்டும் இதில் சிக்கின. 2010 ஏப்ரலில் ஸ்டேஜ் 4 நடைமுறைக்கு வந்த 13 நகரங்களில் தமிழகத்திலிருந்து சென்னை மட்டுமே இருந்தது. மற்ற ஊர்களில் ஸ்டேஜ் 3 தொடர்ந்தது. அதனால் பெருநகரம், சிற்றூர் என்ற வேறுபாடு இல்லாமல் இரு வகை உரிமையாளர்களும் பாதிக்கப்பட்டனர்.

இரு வகை வண்டிகளின் உற்பத்தியையும் நிறுவனம் அறிவிப்புக்கு முன்பே, ஜூன், ஜூலை மாதங்களில் நிறுத்தியிருந்தது. உலகளாவிய எஞ்சின் பொறியியல் பிரிவின் துணைத்தலைவர் உட்படப் பலர் வேலை இழந்தனர். நேட்ரிப் அமைப்பின் தலைமைச் செயல் அலுவலர் நிதின் கோகர்ண் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, இதை நிறுவன மோசடி என்றே குறிப்பிட்டது. ஃபோக்ஸ்வாகனின் டீசல் மோசடி உலகுக்குத் தெரியவந்தது இதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2015 செப்டம்பரில். அங்கே மென்பொருள் செய்த வேலையை ஹாலோலில் மனிதக் கைகள் செய்தன. ஆனாலும் உலகம் நினைவில் வைத்திருப்பது ஃபோக்ஸ்வாகனை மட்டுமே.

சட்டம் இல்லாத காலம்

2013-ல் ஒரு நிறுவனத்தை வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கட்டாயப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை. 2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் வகுத்த தன்னார்வ விதிமுறை மட்டுமே இருந்தது. அதே சமயம், மாசுத் தரத்தை மீறிய வண்டியை ஓட்டுபவருக்கு அதே சட்டத்தின் 190-ஆம் பிரிவு முதல் முறை 1,000 ரூபாயும் அடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம் விதித்தது. ஓட்டியவனைக் கேட்கச் சட்டம் இருந்தது. செய்தவனைத் திரும்ப அழைக்க வைக்கச் சட்டம் இல்லை.

அமெரிக்கா இதற்கான தேசியச் சட்டத்தை 1966-லேயே இயற்றிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ரால்ஃப் நேடர் எழுதிய நூலில் முதலில் குற்றம்சாட்டப்பட்ட கார் செவ்ரோலே கோர்வேர், அதாவது இதே ஜெனரல் மோட்டார்ஸின் தயாரிப்பு. 2000-ல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய எஸ்.யு.வி.யின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தபோது, புகார்களை நிறுவனங்கள் முன்கூட்டியே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டமும் அங்கே வந்தது.

இந்தியாவில் 2019-ன் திருத்தச் சட்டம் 110-ஏ பிரிவைச் சேர்த்தது. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, பயணிகளுக்கோ, சாலையில் செல்பவருக்கோ தீங்கு தரும் குறை இருந்தால் வண்டிகளைத் திரும்பப் பெற அரசு உத்தரவிடலாம். தரத்தைக் காக்கத் தவறும் உற்பத்தியாளருக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தன. புகார்களின் எண்ணிக்கைக்கு அவை ஒரு அளவு வைத்தன. ஆண்டுக்கு 10,000-க்கு மேல் விற்கும் கார் மாடல் என்றால் 1,250 புகார்கள் வரவேண்டும்.

தனி ஒருவரின் புகாருக்கு நுகர்வோர் ஆணையமே வழி. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்துள்ள ஹூண்டாயின் கிரெட்டா கார் ஒன்று 2017-ல் விபத்துக்குள்ளானபோது காற்றுப்பை விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்றது நிறுவனம். வேகத்தையும் விசையையும் கணக்கிட வாங்குபவர் இயற்பியல் வல்லுநராக இருக்கவேண்டியதில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அந்த வாதத்தைத் தள்ளியது.

கை மாறிய வண்டி

திரும்பப் பெறும் அறிவிப்பு நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகும். அது பெரும்பாலும் ஷோரூமில் முதலில் வாங்கியவரின் முகவரி. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தில் பழைய பெயரிலேயே வண்டி இரண்டு மூன்று கை மாறுவது புதிதல்ல. அப்படிப்பட்ட வண்டியின் இன்றைய உரிமையாளரை நிறுவனத்தாலும் கண்டுபிடிக்க முடியாது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தாலும் முடியாது. அவராகவே சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் விசாரித்தால்தான் உண்டு. பழைய வண்டி விற்பவர்கள் பதிவுபெற்று, தம்மிடம் விற்பனைக்கு வந்த வண்டியின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில்தான் வந்தது.

டவேராவுக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ன் இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று அறிவித்தாலும், புதுவண்டி விற்காத ஷோரூமை ஊர்தோறும் யாரும் நடத்தமாட்டார்கள்.

2021-ன் விதிகள் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். அந்த வரம்பு 2013-ல் இருந்திருந்தால், 2005-ல் செய்த டவேரா அதற்குள் வந்திருக்காது. ஹாலோலிலிருந்து கடைசியாக வெளிவந்த டவேராவுக்கும் அந்த வரம்பு 2024-ல் முடிந்துவிட்டது.