ஒரே எலும்பு, ரெண்டு காரு

சீசன் தொடங்கினா தென்காசியில எல்லாரும் குடையை ரிப்பேருக்குக் கொடுப்பாங்க. நான் போன ஜூன்ல, கூரையைக் கழட்டக்கூடிய கார் ஒண்ணைத் தேடிக்கிட்டிருந்தேன். வீட்ல என்னை எப்படிப் பார்த்திருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

வாரத்துல அஞ்சு நாள் ஆணி புடுங்குறேன். சனிக்கிழமை விடியக்காலைல எழுந்து, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி குற்றாலம் மெயினருவியில ஒரு குளியல். அப்புறம் செங்கோட்டை, புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவுன்னு மலை ஏறி இறங்கி, பிரானூர் பார்டர்ல புரோட்டா தின்னுட்டு வீடு. இந்த ஒரு சுத்துக்கு வீட்டு ஸ்விஃப்ட் தாராளமாப் போதும். ஆனா சின்ன வயசுலேர்ந்து ஒரு கிறுக்கு: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வேணும். கையில மூணு லட்சம் இருந்துச்சு. உண்மையில அது மனை வாங்க அட்வான்ஸுக்குன்னு சேர்த்த காசு.

மூணு லட்சத்துக்கு நம்ம நாட்டுல என்ன பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கும்? தேடிப் பார்த்தா, அந்தப் பேருக்குப் பொருத்தமா இங்க செஞ்சதே ரொம்பக் குறைச்சல். 1990களின் கடைசியில 'சான் ஸ்டார்ம்'னு ரெண்டு சீட்டு, ஃபைபர் உடம்பு, ரெனோ எஞ்சினோட ஒண்ணு வந்துச்சு. கண்ணுல படுறதே அபூர்வம். அதுக்கு முன்னாடி பூஜ்யம்னே சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து இறக்குறதுன்னா வரியும் விதியும் நமக்குக் கட்டுப்படியாகாது. சரி, கனவு அம்பேல்னு நினைச்சப்போதான் எங்க மெக்கானிக் அண்ணாச்சி சொன்னார்: "இலஞ்சியில ஒரு ஷெட்டுக்குள்ள ஹெரால்டு ஒண்ணு நிக்கி தம்பி. பாக்கியா?"

ஹெரால்டா? பழைய படத்துல டாக்டர் வந்து இறங்குற கார்தானே, அது எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்னு கேட்டேன். "வந்து பானட்டைத் தூக்கிப் பாரு"ன்னார்.

போனோம். தேங்காய் மட்டைக்கும் உரமூட்டைக்கும் நடுவுல, ரெண்டு கதவு வண்டி, டயர் நாலும் தரையோட தரையா. அண்ணாச்சி பம்பர் பக்கமா நின்னு இழுத்தார். பானட் மட்டும் திறக்கல. ரெண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாத்தோடயும் வண்டியோட முகமே முன்பக்கமா சாய்ஞ்சுடுச்சு. எஞ்சின், ஸ்டீயரிங், முன்சக்கரத்து ஸ்பிரிங்னு மொத்த வயிறும் கண்ணுக்கு முன்னாடி. முன் டயர் மேலயே உட்கார்ந்து வேலை பாக்கலாம். கீழே தனியா ஒரு சேஸி. அது மேல உடம்பு துண்டு துண்டா போல்ட் போட்டு முறுக்கியிருக்கு. கூரை உட்பட.

ஏன் இப்படின்னு அன்னிக்கு ராத்திரி தோண்ட ஆரம்பிச்சவன் விடியக்காலை மூணு மணி வரைக்கும் தூங்கல. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

இங்கிலாந்துல கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் கம்பெனி 1950களில் ஒரு சிக்கல்ல மாட்டுச்சு. அவங்களுக்கு உடம்பு அடிச்சுக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனி பி.எம்.சி. வாங்கிடுச்சு. சேஸியும் உடம்பும் ஒண்ணா இருக்கிற புது மாதிரிக் கூடு செய்யறதுக்கு இவங்களுக்கு ஆளில்ல. அதனால பழைய முறைக்கே போனாங்க. தனியா ஒரு சேஸி. அதுக்கு மேல வெவ்வேறு பட்டறைகள்ல அடிச்ச சின்னச் சின்னத் துண்டுகளை போல்ட் போட்டு மாட்டுறது. வடிவத்தை வரைஞ்சது இத்தாலி டூரின் நகரத்து ஜொவானி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரல்ல ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. 948 சிசி எஞ்சின், சுமார் 35 குதிரைத்திறன். 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். தென்காசி ரதவீதியில யூ-டர்ன் போட இதைவிட நல்ல வண்டி இருக்க முடியாது.

கதியில்லாம செஞ்ச ஏற்பாடே அவங்களுக்கு வரமா ஆச்சு. சேஸி தனியா இருந்தா அது மேல எந்த உடம்பை வேணும்னாலும் மாட்டலாமே! கூரை இல்லாத ஹெரால்டு வந்துச்சு, பின்னால சாமான் வைக்கிற எஸ்டேட் வந்துச்சு. 1962-ல் அதே சேஸியோட 91.5 அங்குல வீல்பேஸை 83 அங்குலமாக் குறைச்சு, அதே முன் சஸ்பென்ஷனை மாட்டி, கார்ப்பரேட்டர் ரெண்டாக்கி, மிக்கெலோட்டியே வரைஞ்ச இன்னொரு உடம்பைப் போட்டாங்க. ரெண்டே சீட்டு. பேரு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1980 வரைக்கும் ஓடின ஸ்போர்ட்ஸ் கார். சனி ஞாயிறுல கூரையைக் கழட்டிட்டு கிராமத்து ரோட்ல சுத்துற இங்கிலீஷ்கார இளவட்டத்துக்குக் கைக்கு எட்டின வண்டி அது. ஹெரால்டோட முன்சக்கரத் தூணை லோட்டஸ் மாதிரி பந்தயக் கார் செய்யறவங்களும் வாங்கி மாட்டினாங்க.

ஆக, இலஞ்சி ஷெட்டுல மட்டைக்கு நடுவுல நின்னது ஸ்பிட்ஃபயரோட கூடப் பிறந்த அண்ணன்!

அப்போ இங்க மட்டும் ஏன் அந்தத் தம்பி பிறக்கல? என்னைத் தூங்க விடாத கேள்வி இதுதான்.

இங்க ஹெரால்டைச் செஞ்சது நம்ம மெட்ராஸ்லதான். யூனியன் கம்பெனியும் இங்கிலாந்து ஸ்டாண்டர்டும் சேர்ந்து ஆரம்பிச்ச ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ், வண்டலூர் பக்கத்துல தொழிற்சாலை. 1961-லேர்ந்து ஹெரால்டு வந்துச்சு. 'ட்ரையம்ஃப்'ங்கிற பேரு இல்லாம 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு'. இங்கிலாந்துல 'ஸ்டாண்டர்ட்'னா சாதாரணம்னு அர்த்தம் ஆகிப்போச்சுன்னு 1963-ல் அந்தப் பேரையே விட்டுட்டாங்க. நம்ம ஊர்ல அது 1980கள் வரைக்கும் நிமிர்ந்து நின்னுச்சு.

அந்தக் காலத்து இந்தியாவுல கார்னு கேட்டா மூணே பதில்தான்: கல்கத்தா பக்கத்து அம்பாசிடர், பம்பாய் ஃபியட், மெட்ராஸ் ஹெரால்டு. எத்தனை செய்யலாம்ங்கிறதுக்கு லைசென்ஸ், என்ன விலைக்கு விக்கலாம்ங்கிறதுக்கு அரசாங்கக் கட்டுப்பாடு. பேர் பதிஞ்சுட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். அப்படிக் காத்திருந்து வாங்குற காரை யாராவது ரெண்டு சீட்டு வண்டியாக் கேட்பாங்களா? வீட்டுக்கு ஒரு கார்ங்கிறதே பெரிசு. அதுல அப்பா, அம்மா, மூணு பிள்ளைங்க, ஆச்சி, கூடவே சீர்வரிசைத் தாம்பாளமும் ஏறியாகணும்.

அதனால ஒரே எலும்பு ரெண்டு கரையில ரெண்டு விதமா வளர்ந்துச்சு. அங்க குட்டையாகி ரெண்டு சீட்டாச்சு. இங்க 1960களின் பிற்பகுதியில நாலு கதவு முளைச்சுது. நாலு கதவு ஹெரால்டுங்கிறது இந்தியாவுல மட்டுமே இருந்த அதிசயம். இங்கிலாந்துக்காரன் செஞ்சதே இல்ல.

பின் அச்சுக் கதையும் இதே மாதிரிதான். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பின்சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடும். குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமா வளைவுல போய்ட்டு சட்டுனு ஆக்சிலேட்டரை விட்டா பின்சக்கரம் உள்பக்கமா மடங்கப் பாக்கும். 1970-ல் அங்க அந்த ஸ்பிரிங்கை நடுவுல அசையுற மாதிரி மாத்தி ஸ்பிட்ஃபயரை அடக்கினாங்க. வளைவுல இன்னும் வேகமாப் போறதுக்காக. இங்க ஹெரால்டுக்கு அப்புறம் 1970களில் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல்ல, தனித்தனியா ஆடுற சமாச்சாரத்தையே தூக்கிட்டு லாரி மாதிரி ஒரே நீள அச்சு போட்டுட்டாங்க. குண்டும் குழியும், குடும்ப பாரமும் தாங்கறதுக்காக. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. அவங்கவங்க வாடிக்கையாளருக்கு எது வேணுமோ அதைச் செஞ்சாங்க.

நம்ம ஆளுங்களுக்கு வேக ஆசை இல்லாம இல்ல. 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்துல பந்தயம் நடத்துச்சு. அங்க ஜாகுவார் கொண்டு வந்த மகாராஜாக்களும் இருந்தாங்க. பட்டறையில ராத்திரி பகலா உட்கார்ந்து ஃபியட்டையும் ஹெரால்டையும் கிண்டிக் கிளறி எடுத்துட்டு வந்தவங்களும் இருந்தாங்க. ஸ்போர்ட்ஸ் கார் கடையில கிடைக்காத நாட்டுல, குடும்பக் காரைத்தான் ஸ்போர்ட்ஸ் காரா ஆக்கிக்கணும்.

ஸ்டாண்டர்ட் கடைசியா 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000'னு ஒண்ணு விட்டாங்க. ரோவரோட அழகான உடம்பு, உள்ளே அரதப்பழசான எஞ்சின். எடுபடல. 1980களின் இறுதியிலேயே உற்பத்தி நின்னுபோச்சு. பல வருஷம் பூட்டிக்கிடந்த அந்த இடத்துல இப்போ பெருங்களத்தூர் ஐ.டி. வளாகம் நிக்குது. காலேஜ் முடிச்சு நான் முதன்முதல்ல பொட்டி தட்டப் போனது அங்கதான்! ரெண்டு வருஷம் அந்த கேன்டீன்ல சாப்பிட்டிருக்கேன். காலுக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல.

சரி, இலஞ்சிக்கு வருவோம். வண்டிக்காரர் எழுபது தாண்டின பெரியவர். "தம்பி, இந்தச் சவத்த வாங்கி என்ன செய்யப் போற?"ன்னார். சனிக்கிழமை மலை ஏறப்போறேன் ஐயான்னேன். சிரிச்சார். ரெண்டு லட்சம்னார். அப்புறம்தான் பாடம் ஆரம்பிச்சுது.

முதல் பாடம் அண்ணாச்சிகிட்ட. முன்சக்கரத் தூணோட அடியில ட்ரனியன்னு ஒரு பித்தளைச் சமாச்சாரம் இருக்கு. தூணோட மறை அதுக்குள்ளதான் திரும்பும். அதுக்குத் தொண்ணூறு கியர் ஆயில்தான் ஊத்தணும். ஆனா நிப்பிளைப் பார்த்ததும் எல்லாரும் கிரீஸைத் திணிச்சுடுவாங்க. கிரீஸ் உள்ள போய்ச் சேராது. தண்ணி சேர்ந்து துருப்பிடிச்சு, ஒருநாள் தூண் முறிஞ்சு சக்கரம் மடங்கி உட்கார்ந்திடும். "எஸ் வளைவுல மடங்கினா நேரா பள்ளம்தான்"னார். இந்த வண்டியில ரெண்டு பக்கமும் கெட்டிக் கிரீஸ். சேஸியிலயும் ரெண்டு இடத்துல ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்குச்சு.

ரெண்டாவது பாடம் சட்டம். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜா பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், நம்பர்ல 'வி.ஏ.'ன்னு கௌரவமா எழுத்து வரும். ஆனா கண்காட்சிக்கும் ராலிக்கும் ஆராய்ச்சிக்கும் எடுக்கலாமே தவிர அன்றாடம் ஓட்டக் கூடாது. வாராவாரம் துண்டைத் தோள்ல போட்டுட்டு அருவிக்குப் போறதை எந்த ஆபீசர்கிட்டயும் ஆராய்ச்சின்னு சொல்ல முடியாது. பழைய நம்பரோட சாதாரணப் பதிவையே வச்சுக்கிட்டு, எஃப்.சி. எடுத்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறதுதான் எனக்கு வழி. அந்தக் கட்டணத்தையும் 2025-ல், 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000 ரூபாய் ஆக்கிட்டாங்க.

மூணாவது பாடம் வீட்ல. அப்பா காசைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "ஏல, ரெண்டு கதவுன்னியே, மூட்டு வலியோட உங்கம்மா பின்சீட்டுக்கு எப்படில ஏறுவா?"

ஙேன்னு முழிச்சேன். அறுபது வருஷத்துக்கு முன்னாடி வண்டலூர்ல யாரோ ஒரு எஞ்சினியர்கிட்டயும் யாராவது இதையேதான் கேட்டிருக்கணும். நாலு கதவு அப்படித்தான் முளைச்சிருக்கும்.

ரெண்டு வாரம் யோசிச்சேன். எங்க தாத்தா சைக்கிள், அப்பா ஸ்கூட்டர், அப்புறம் வீட்டுக்கே ஒரு கார். ரெண்டாவது வண்டின்னு, அதுவும் அவசியமே இல்லாத வண்டின்னு ஒண்ணை நினைச்சுப் பாக்குற முதல் ஆள் எங்க குடும்பத்துல நான்தான். ஸ்பிட்ஃபயர் செய்ய இங்க எஞ்சினியருக்கும் தட்டுப்பாடில்ல, சேஸியும் இருந்துச்சு. சும்மா சுத்துறதுக்குன்னு ஒரு சனிக்கிழமையும், அதுக்குன்னு ஒதுக்கின காசும்தான் அன்னிக்கு யார்கிட்டயும் இல்ல. அது இப்போ எனக்குக் கிடைச்சிருக்கு. அதைப் பள்ளத்துல கொண்டு போய்விடாம ஓட்டணும்.

பெரியவர் ஒண்ணே முக்காலுக்கு இறங்கி வந்தார். இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். மனை ஒரு வருஷம் தள்ளிப்போகும். ட்ரனியனும் சேஸி வெல்டிங்கும் முடியாம மலைப்பக்கம் திரும்பக் கூடாதுன்னு அண்ணாச்சி கண்டிஷன். போன ஞாயித்துக்கிழமை ஷெட்டுக்குள்ளயே எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆச்சு. பாக்க வந்த அம்மா நேரா முன்சீட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்துட்டாங்க.

"உங்கப்பாவப் பின்னாடி ஏறச் சொல்லு"ன்னாங்க.

டிஸ்கி: உங்க வீட்டுப் பக்கம் எங்கயாவது ஹெரால்டு நின்னா, வாங்குறீங்களோ இல்லையோ, உரிமையாளர்கிட்ட இதை மட்டும் சொல்லிட்டு வாங்க: கிரீஸ் வேண்டாம், தொண்ணூறு ஆயில்.